கலக்காமல் அளந்தது

திங்கட்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. "இத எங்க கைடுகிட்ட சொல்லித்தான் ஆகணுமாம்மா?" என்று கேட்டாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்று வியாழக்கிழமை. யோசித்தாயிற்று, தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லும் பழக்கம் எனக்கு உண்டு. பத்தாவது முடித்ததும் நீ எந்தப் பாடப்பிரிவில் சேர வேண்டும், எந்த ஊரில் படிக்க வேண்டும், அந்தப் பல் டாக்டரிடம் போகலாமா வேண்டாமா என்று நீ கேட்டபோதெல்லாம் நான் உறுதியாகச் சொன்ன பதில்களில் பாதி, அந்த நேரத்தில் வாயில் வந்தவை. இந்தக் கேள்விக்கு அப்படிச் சொல்ல முடியாமல் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் ஏறத்தாழ இதே கேள்வி என்னிடம் வந்தது. நான் யாரிடமும் கேட்காமல் ஒரு முடிவு எடுத்தேன். அதை உன்னிடமோ உன் அப்பாவிடமோ இதுவரை சொன்னதில்லை. இந்தக் கடிதத்தை உன்னைத் தவிர உன் அப்பாவும் படிக்க வேண்டி வரலாம். அதனால் உனக்குத் தெரிந்தவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் உன் வேலையை நான் புரிந்துகொண்டது சரியா என்று பார். போன வருடம் உன் ஆய்வகத்துக்கு வந்திருந்தேன். தபால்தலை அளவில் கண்ணாடிபோல் தெளிந்த ஒரு ரப்பர் துண்டைக் காட்டினாய். அதற்குள் தலைமயிரைவிட மெல்லிய கால்வாய்கள் இருந்தன. உடம்பின் மிகச் சிறிய ரத்தக்குழாய்களுக்கு அவை மாற்று என்றாய். ஒரு சிரிஞ்சிலிருந்து அவற்றுக்குள் செயற்கை ரத்தத்தைச் செலுத்தி, எவ்வளவு அழுத்தத்தில் எவ்வளவு ஓடுகிறது என்று அளந்துகொண்டிருந்தாய். செயற்கை ரத்தம் என்றதும் நான் சிவப்பாக எதையோ எதிர்பார்த்தேன். அது பால்போல வெள்ளையாக இருந்தது. ஆக்சிஜனைச் சுமக்கக்கூடிய ஓர் எண்ணெயை மிக நுண்ணிய துளிகளாக உடைத்து நீரில் கலந்தது, அதனால்தான் அந்த நிறம் என்று விளக்கினாய். எனக்குச் சிரிப்பு வந்தது. "இது எங்க சிலிப்பு மாதிரியே இருக்குதேடா" என்றேன். விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்சாலைகளின் சோதனைக்கூடங்களில் இருபத்திரண்டு வருடம் களிமண் கூழின் ஓட்டத்தை அளந்தவளுக்கு வேறு என்ன தோன்றும்? பிறகு, கேட்க வேண்டும் என்று திட்டமிடாமல், "ஓடறத நிறுத்தி வெச்சிட்டு மறுபடி ஓட விட்டா என்ன ஆவும்?" என்று கேட்டேன். நீ உன் கூட்டாளியைப் பார்த்துச் சிரித்தாய். "எங்கம்மாவுக்கு எல்லாமே தொட்டிதான். ரத்தம் எங்கம்மா நிக்கும்?" என்றாய். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

நீ விடவில்லை என்பது திங்கட்கிழமைதான் தெரிந்தது. ஆய்வேட்டைக் கொடுக்க இரண்டு வாரம் இருக்கும்போது, சும்மா பார்ப்போமே என்று சிரிஞ்சைத் தள்ளும் பம்பை நிறுத்தி, பத்து நிமிடம் விட்டு, திரும்ப ஓட்டியிருக்கிறாய். நிஜ ரத்தத்தின் நீர்ப்பகுதியோடு கலந்து நீ செலுத்திய அந்த எண்ணெய்த் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கால்வாய் வளையும் இடத்தில் கூடி நின்று அடைத்துக்கொண்டன. மறுநாளும் அப்படியே. நான்கு வருடமாக நீ எடுத்த அளவுகள் எல்லாம் குப்பியைக் குலுக்கி, ஓட்டத்தை நிறுத்தாமல் எடுத்தவை. அவை தப்பில்லை. ஆய்வு முறையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. நிறுத்திப் பார் என்று யாரும் சொல்லவில்லை, நிறுத்தாதே என்றும் சொல்லவில்லை. உன் வழிகாட்டி இந்த முடிவுகளை வைத்து ஏற்கெனவே இரண்டு இடங்களில் பேசிவிட்டார். இப்போது சொன்னால் எல்லாவற்றையும் திரும்பச் செய்யச் சொல்வார், ஒரு வருடம் போகும், வெளிநாட்டில் உனக்காக வைத்திருக்கும் ஆராய்ச்சி இடம் அதுவரை காத்திருக்காது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. நீ சொன்னதை நான் சரியாகத்தான் சொல்கிறேன் என்று நினைக்கிறேன்.

உன் அப்பாவின் விபத்தால்தான் இந்தத் துறைக்கு வந்ததாக நீ நேர்காணல்களில் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. வேப்பூர் அருகே லாரி இடித்து அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த அந்த மத்தியானம், அவருடைய வகை ரத்தம் இங்கே இல்லையென்று கடலூரிலிருந்து வரும்வரை காத்திருந்தோம். உனக்குப் பதினான்கு வயது. அந்த நேரம் முழுக்க நீ என் போனில் பாம்பு விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தாய். நான் குறை சொல்லவில்லை. எனக்கும் ஒரு விளையாட்டு இருந்திருந்தால் ஆடியிருப்பேன். ஆனால் அந்த மத்தியானத்தில் ஒன்று எனக்கு நினைவிருக்கிறது. டாக்டர் உன் அப்பாவின் கட்டைவிரல் நகத்தை அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். வெளுத்த நகத்துக்குச் சிவப்பு திரும்பவே இல்லை. "பெரிய கொழாயில ஓடிட்டுதாம்மா இருக்குது. சின்னச் சின்னக் கொழாய்லதான் ஓட்டம் நின்னு போச்சு" என்றார். ரத்தம் எங்கே நிற்கும் என்று நீ கேட்டாயே, அங்கேதான் நிற்கும். உன் வெள்ளைத் திரவம் என்றாவது மருந்தாக வந்தால் அப்படிப்பட்ட ஆளுக்குத்தான் ஏற்றுவார்கள். ஆய்வகத்தில் நீ சிரித்தபோது இது எனக்கு நினைவு வரவில்லை. வந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்பதும் தெரியாது.

இப்போது என் கதை. அப்போது உனக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்துப் பல வருடம் வீட்டில் இருந்துவிட்டு, தொழிற்பேட்டையில் வாஷ்பேசின் செய்யும் ஒரு தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் சேர்ந்திருந்தேன். தகுதிகாண் பருவம் முடியவில்லை. களிமண்ணும் கல்தூளும் தண்ணீரில் கரைந்த கூழைத்தான் சிலிப்பு என்கிறோம். தொட்டியிலிருந்து குழாய் வழியாக வரும் அந்தக் கூழை ஜிப்சம் அச்சுகளில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, ஓரங்களில் களிமண் படிந்து பேசின் உருவாகும். கூழ் சரியாக ஓட வேண்டும், அது முக்கியம். காலையிலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் தொட்டியில் கொஞ்சம் எடுத்து, நன்றாகக் கலக்கி, அடியில் துளையுள்ள ஒரு கப்பில் நிரப்பி, துளையிலிருந்து விரலை எடுத்து, காலியாக எத்தனை வினாடி ஆகிறது என்று அளப்பது என் வேலை. அளவு வரம்புக்குள் இருந்தால் ரிஜிஸ்டரில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். கலக்கியபின் அளக்கவும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது.

அச்சு ஊற்றும் பிரிவைப் பார்த்துக்கொண்டவள் பிலோமினா. என்னைவிட இரண்டு வயது சின்னவள். பெரியவர் கோவில் தெருப் பக்கத்திலிருந்து சைக்கிளில் வருவாள். பேச்சில் யாரையும் விடமாட்டாள். அந்தச் சித்திரையில் மதியத்துக்குப் பிறகு ஊற்றும் பேசின்களில் மட்டும் காயும்போது விளிம்பில் விரிசல் விழ ஆரம்பித்தது. பிலோமினா சோதனைக்கூட வாசலில் வந்து நின்றாள். கையெல்லாம் வெள்ளை.

"மேடம், நீங்க அளக்கறது ஒரு சிலிப்பு. எனக்கு வர்றது வேற சிலிப்பு."

"ரெண்டுக்கும் ஒரே தொட்டிதான் பிலோமினா."

"தொட்டி ஒண்ணுதான், யாரு இல்லன்னா? நீங்க அத நல்லா உலுக்கி எழுப்பி வுட்டு அளக்கறீங்க. பைப்புல அது சாப்பாட்டு நேரம் பூரா தூங்கிட்டு வருது. தூங்கி எழுந்தவன் எப்பிடி நடப்பான்னு ஒரு தபா அளந்து பாருங்களேன்."

"முறை அப்படித்தான்."

"எம்மெஸ்ஸில இத சொல்லித் தரலீங்களா?" என்று பின்னால் நின்ற பெண்களைப் பார்த்துக் கேட்டாள். அவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. அந்தச் சிரிப்பை நான் எத்தனை நாள் வைத்திருந்தேன் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும், பல நாள்.

ஆனாலும் அளந்து பார்த்தேன். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது கப்பின் துளையை ஒரு சின்னக் களிமண் உருண்டையால் அடைத்து, சிலிப்பை நிரப்பி, அசைக்காமல் அரைமணி நேரம் விட்டேன். பிறகு உருண்டையைப் பிடுங்கினேன். ஒன்றும் வரவில்லை. ஒரு சொட்டு துளையில் தொங்கிக்கொண்டு நின்றது. பிறகு கட்டிகட்டியாக விழுந்தது, நின்றது, மறுபடி விழுந்தது. கடிகாரத்தை ஓடவிட்டுவிட்டு நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நாள் மூன்று முறை செய்தேன். சிலிப்பு நின்றால் இறுகும், கலக்கினால் இளகும் என்பது எந்தப் புத்தகத்திலும் உள்ள விஷயம். பரீட்சையில் அதைப் பற்றிய பத்து மதிப்பெண் கேள்விக்குப் பதில் எழுதியவள் நான். அந்த மூன்று அளவுகளையும் ஒரு துண்டுத்தாளில் குறித்துக் கைப்பைக்குள் வைத்தேன். ரிஜிஸ்டரில் எழுதவில்லை. ரிஜிஸ்டரில் கலக்கி அளந்ததை மட்டும் எழுதினேன். பொய்யான எண் ஒன்றுகூட அதில் கிடையாது.

மானேஜர் ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கூழ் சோதனைக்கூடத்தில் சரியாக இருக்கிறது, அச்சில் சரியில்லை, அப்படியானால் நடுவில் யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்தார். கூழ் கெட்டியாக வந்தால் சுலபமாக ஊற்றுவதற்கு ஒரு குவளை தண்ணீர் சேர்ப்பது அங்கே சிலர் செய்யும் காரியம்தான். செய்தால் பேசின் விரிசல் விடும், அதனால் அது பெரிய குற்றம். பிலோமினாவையும் என்னையும் கூப்பிட்டார். "மேடம், உங்க அளவுல ஏதாச்சும் சந்தேகம் இருக்குதா?" என்று என்னைக் கேட்டார். கைப்பை என் மடியில் இருந்தது. "முறைப்படிதான் சார் அளந்தேன்" என்றேன். பிலோமினா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவரிடம், "நான் தண்ணி ஊத்தல சார். எம் புள்ள மேல சத்தியம்" என்றாள். சத்தியத்தை ரிஜிஸ்டரின் எந்தக் கட்டத்திலும் எழுத முடியாது. அதில் என் கையெழுத்து இருந்தது. அவளை அச்சுப் பிரிவிலிருந்து எடுத்து, பேசின்களுக்கு வைக்கோல் சுற்றிக் கட்டும் வேலையில் போட்டார்கள். தண்ணி ஊத்தினவள் என்று மற்றவர்கள் அவளைக் கேலி செய்தார்கள். ஆடி மாதத்துக்குள் அவள் வருவதை நிறுத்திவிட்டாள்.

நான் ஏன் சொல்லவில்லை என்று பலமுறை கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரு படித்த பெண்ணுக்குக் கப்பு அளக்கத் தெரியவில்லை என்பார்கள் என்ற பயம் பாதி. அந்தச் சிரிப்பு மீதி. வேலை போயிருக்குமா என்றால், போயிருக்காது என்றுதான் இப்போது தோன்றுகிறது. அவளைப் பிரிவு மாற்றிய அடுத்த மாதம் நான் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன். சாப்பாட்டு நேரத்தில் குழாயைக் காலி செய்து, மறுபடி கலக்கிய கூழை விட வேண்டும் என்று. அப்படிச் செய்தார்கள். விரிசல் நின்றது. என் குறிப்புக்குப் பாராட்டு கிடைத்தது, வேலையும் நிரந்தரமானது. பிரிவில் இருந்தவர்கள் வேறுவிதமாகப் புரிந்துகொண்டார்கள். "பாத்தியா, பிலோமினா போனதும் எல்லாம் சரியாயிடுச்சு" என்று என் காதுபடவே பேசினார்கள். நான் செய்த ஒரே நல்ல காரியம் அவள் மேல் இருந்த பழியை உறுதி செய்தது. இதை நான் வருத்தத்தோடு எழுதுவதாக எண்ணிக்கொள்ளாதே. வருத்தப்பட்டு முடித்துவிட்டேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

அதன்பிறகு அவளை ஒரே ஒரு முறை பார்த்தேன். ஆறு வருடம் முன்னால், விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில். சேத்தியாத்தோப்பில் தையல் கடை வைத்திருப்பதாகச் சொன்னாள். "மேடம் நல்லாருக்கீங்களா? தம்பி என்ன படிக்குது?" என்று கேட்டாள். நீ இயற்பியல் படிப்பதாகச் சொன்னேன். நல்லது என்றாள். அவளுடைய பஸ் வந்தது. சொல்வதற்கு எனக்கு மூன்று நிமிடம் இருந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு, அம்மா சொல்லச் சொல்கிறாள் என்று நீ எடுத்துக்கொள்வாய். அவசரப்படாதே. நான் சொல்லாமல் இருந்ததால் எனக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. நன்றாகத் தூங்கினேன், சம்பள உயர்வு வந்தது, உன்னைப் படிக்கவைத்தேன். மனசாட்சி குத்திக்கொண்டே இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. வருடத்தில் இரண்டு நாள் குத்தும், மற்ற நாள் வேலை இருக்கும். உன் விஷயத்தில் ஒரு பிலோமினா எதிரில் நிற்கவில்லை. உன் ஆய்வேட்டைப் பார்த்து நாளைக்கே யாரும் யாருக்கும் அந்தத் திரவத்தை ஏற்றப்போவதில்லை. இன்னும் பத்துப் பேர் சோதிப்பார்கள், அதில் ஒருவர் நிறுத்திப் பார்ப்பார் என்று நீ சொன்னதும் நியாயம்தான். அந்த ஒருவர் நிறுத்திப் பார்க்காமலும் போகலாம். எனக்குப் பிறகு அந்தத் தொழிற்சாலையில் நான்கு பேர் அளந்தார்கள். ஒருவரும் கலக்காமல் அளந்து பார்க்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்ததைத்தான் எல்லோரும் செய்தோம். இந்த இரண்டு பக்கத்தையும் நான் எடை போட்டுப் பார்த்தேன். எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு வருடம் இழக்கப்போகும் ஆளின் தாய் சொல்லக்கூடாது. அந்த வருடம் உன்னுடையது.

ஒன்று மட்டும் சொல்வேன், அதுவும் தொழில் பழக்கத்தில் சொல்வது. நீ என்ன முடிவு எடுத்தாலும் அந்த இரண்டு நாள் அளவுகளை உன் ஆய்வக நோட்டில், தேதி போட்டு, பேனாவால் எழுதிவிடு. துண்டுத்தாளில் வைக்காதே. துண்டுத்தாள் தொலையும். என்னுடையது வீடு மாறியபோது தொலைந்துவிட்டது. தொலைந்தது தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் இதில் நான் செய்தவற்றிலேயே மோசமானது என்று நினைக்கிறேன்.

உன் அப்பா எட்டிப் பார்த்தார். "போன்ல சொல்ற விஷயத்துக்கு ஏன் இம்மாம் பெரிய லெட்டரு? எக்ஸாமா எழுதற?" என்கிறார். அவரிடமும் இன்று சொல்லிவிட்டேன். "அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்குது?" என்று கேட்டார். சேத்தியாத்தோப்பு என்றேன். "பஸ்ஸு இருக்குதே" என்றார். நாளைக்கு லீவு சொல்லியிருக்கிறேன். போய்விட்டு வந்து இதைத் தபாலில் சேர்க்கிறேன்.

வெள்ளிக்கிழமை. காலை ஒன்பதரை பஸ்ஸில் ஏறினேன். பாதி வழியில் உன் செய்தி வந்தது. "சொல்லிட்டேன்மா. நோட்டையும் காட்டிட்டேன். எல்லாத்தையும் திரும்பச் செய்னு சொல்லிட்டார். வெளிநாட்டு இடம் போச்சு." நான் எழுதியது எதையும் நீ படிக்கவில்லை. என் பதிலுக்கு நீ காத்திருக்கவில்லை. நோட்டில் எழுதச் சொன்னதற்கு முன்பே எழுதியும் இருக்கிறாய். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று தோன்றியது. உன் கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி வேண்டும் என்றுதானே கிளம்பினேன், அந்தக் கேள்வியே இப்போது இல்லை. நிறுத்தம் வந்தது, இரண்டு பேர் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை.

சேத்தியாத்தோப்பில் இறங்கி விசாரித்துக்கொண்டு போனேன். பிலோமினாவின் கடை அவள் வீட்டின் முன்னறை. ஜாக்கெட் ஒன்றுக்கு ஊக்கு வைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். மூன்று முறை அளந்தது, கைப்பை, முறைப்படி என்று சொன்னது, எல்லாம். ஊசியை நிறுத்தாமல் கேட்டாள். முடிந்ததும், "இத்தினி வருஷம் கழிச்சி இப்ப என்னாத்துக்கு?" என்றாள். பையன் ஒன்று கேட்டான், அதனால் என்றேன். "தம்பி கேக்கலன்னா?" என்றாள். அடுத்த ஊக்கை எடுத்தாள். "எம் பொண்ணுக்கு மாப்ள பாத்தப்போ அங்க வேல செஞ்ச ஒருத்தி வந்து, அவங்கம்மா தண்ணி ஊத்தி வேலய வுட்டு போனவன்னு சொல்லிட்டுப் போனா. அது ஒங்களுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியாது என்றேன்.

பிறகு மிஷினின் டிராயரைத் திறந்து அளவு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து என் முன்னால் வைத்தாள். "எழுதிக் குடுங்க. எம் பேரு போட்டு." நான்கு வரி எழுதினேன். சிலிப்பு குழாயில் நின்று இறுகியதால்தான் விரிசல் விழுந்தது, பிலோமினா தண்ணீர் ஊற்றவில்லை, இது எனக்கு அப்போதே தெரியும், முறைப்படி அளந்ததாகச் சொல்லி நான் மறைத்துவிட்டேன் என்று. இரண்டு தரம் படித்தாள். "முறைப்படின்னு ஒண்ணு இருக்குதே, அத அடிச்சிடுங்க" என்றாள். அடித்தேன். ரிஜிஸ்டரில் செய்வதுபோல அடித்த இடத்தின் பக்கத்தில் சின்னதாக ஒரு கையெழுத்தும், கீழே தேதியோடு ஒரு கையெழுத்தும் போட்டேன். அவள் அதை மடித்து, ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் சொருகி, பீரோவில் வைத்துப் பூட்டினாள். மறுபடி உட்கார்ந்து ஊக்கு வைக்க ஆரம்பித்தாள். "பன்னண்டு மணிக்கு விருத்தாசலம் பஸ்ஸு இருக்குது" என்றாள். அந்தப் பஸ்ஸில் வந்தேன்.